தொட்டுக்க என்ன இருக்கு?

பெர்மாஸ் ஜெயாவில் வாரத்துக்கு மூன்று நாள் நான் போய்ப் படுத்துக்கொள்ளும் டயாலிசிஸ் நிலையத்தின் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறார்கள். கிச்சாப் என்கிற சோயா சாஸ் பாட்டில், பெலாச்சான் என்கிற இறால் விழுதுக் கட்டி, ஊறுகாய் ஜாடி, கருவாடு, எல்லாவற்றின் மேலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. வரைந்தவன் நல்ல சாப்பாட்டுப் பிரியனாக இருக்க வேண்டும். ஊறுகாயின் மேல் மிதக்கும் எண்ணெயைக்கூட விடாமல் பளபளவென்று வரைந்திருக்கிறான். சாப்பிடாதே என்று சொல்லவந்த படத்தைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறது. எங்களுக்குக் குடிக்கும் தண்ணீரிலும் அளவு உண்டு, இந்த எச்சிலையும் அதில் சேர்ப்பீர்களா என்று மிஸ்ஸியிடம் ஒருமுறை கேட்டேன். நர்சுகளை இங்கே நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிரிக்கவில்லை. தராசைக் காட்டி ஏறச் சொன்னார்.

தராசுதான் அங்கே போலீஸ். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு கருவாடு தின்றால், அது தாகத்தைக் கொண்டுவரும், தாகம் தண்ணீரைக் கொண்டுவரும், தண்ணீர் போக வழியில்லாமல் உடம்பில் தங்கி மறுநாள் தராசில் ஏறி நின்று காட்டிக்கொடுக்கும். நான் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தவன். எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்த அத்தனை வருடமும் பிறரை விரட்டிப் பழகியவன். இப்போது என்னை ஒரு தராசு விரட்டுகிறது.

நான்கு மணி நேரம் இடது கையை அசைக்காமல் சாய்ந்து கிடக்க வேண்டும். இரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வரும். பார்த்துக்கொண்டே இருந்தால் பயம் வரும், ஆகவே பேசுவோம். எனக்கு வலப்பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா. எல்லோருக்கும் அவர் மக்சிக்தான், அத்தை மாதிரி. காலை வேளையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். இடப்பக்கம் சீனப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர். மெலிந்த பெண்மணி. பேச்சிலும் அநாவசியமாக ஒரு சொல் இருக்காது. நடுவில் நான். மூவரும் பேசுவது மலாய். தமிழில் எழுதினால் அந்தக் குசும்பு கொஞ்சம் குறையும், வேறு வழியில்லை.

ஒருநாள் மக்சிக் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இதுல ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் மன்னிப்புக் குடுக்கறோம்னு சொன்னாங்கன்னா, எதைக் கேப்பீங்க?"

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

மக்சிக்குக்குச் சந்தேகமே இல்லை, பெலாச்சான் சம்பால். கட்டியைத் தீயில் வாட்டும்போதே நாலு வீட்டுக்குத் தெரிய வேண்டும், சிவப்பு மிளகாயோடு கல்லில் வைத்து இடிக்க வேண்டும், மிக்சியில் போட்டால் அது சம்பால் இல்லை, கூழ், சாப்பிடும் நேரத்தில்தான் சின்ன எலுமிச்சையைப் பிழிய வேண்டும், முன்கூட்டியே பிழிகிறவர்களை அவர் தன் வீட்டு வாசலில் ஏற்றமாட்டார். இதையெல்லாம் ஒற்றைக் கையாலேயே இடித்து, வதக்கி, பிழிந்து காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மூக்கில் அந்தப் புகை ஏறிவிட்டது.

டீச்சர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "கிச்சாப். அதுல நறுக்கிப் போட்ட ஊசிமிளகாய். முடிஞ்சது," என்றார். மக்சிக் சிரித்தார். அது குழந்தைக்குக் கொடுக்கிற சாமான் என்றார். டீச்சர் விடவில்லை. "உங்க சம்பால் இருந்தா மீன் எதுக்கு, காய் எதுக்கு? எல்லாம் ஒரே ருசியாயிடும். தொட்டுக்கறது தொட்டுக்கறதா இருக்கணும். அது வந்து வீட்டுக்காரனை வெளிய தள்ளக்கூடாது."

நான் ஊறுகாய்க்கு வக்காலத்து வாங்கினேன். அதுவும் ஏதோ கடை ஊறுகாய்க்கு இல்லை, என் மனைவி போடும் எலுமிச்சை ஊறுகாய்க்கு. சம்பாலும் கிச்சாப்பும் இன்றைக்கு நினைத்து இன்றைக்கே செய்வது, ஊறுகாய் காத்திருக்கத் தெரிந்தது, வீட்டில் குழம்பு இல்லாத நாளிலும் வெறுஞ்சோற்றைக் கரையேற்றும் என்றேன். பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு வெறுஞ்சோற்று நாட்கள் நன்றாகவே தெரியும். எது தனியாக நின்று ருசிக்கிறது என்பதல்ல கேள்வி, ஒன்றுமில்லாத தட்டை எது காப்பாற்றுகிறது என்பதுதான் கேள்வி என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பேச்சு எனக்கே பிடித்திருந்தது.

"சரி, அதுல என்னென்ன போடுவாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"எலுமிச்சம்பழம்," என்றேன். "மிளகாய்த்தூள். உப்பு."

"அப்புறம்?"

அப்புறம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மண்டையில் சுர்ரென்றது. வியாழக்கிழமை முழு விவரத்தோடு வருகிறேன் என்று சவால் விட்டேன்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் யோங் பெங் ஊர்க்காரி. பெண் பார்த்து முடிந்து நிச்சயமான பிறகு, அவள் அண்ணன் துணையோடு எங்களை ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். நான் மாப்பிள்ளை முறுக்கில் சோற்றைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் இலையில் கை வைக்கும் முன்பே கடைக்காரரைப் பார்த்து, "தொட்டுக்க என்ன இருக்கு?" என்றாள். அவர் ஊறுகாயும் சம்பாலும் கொண்டுவந்து வைத்தார். இரண்டையும் வழித்துவிட்டு, "அண்ணே, தம்பா!" என்று கையைத் தூக்கினாள். மறுசோறு வேண்டுமென்றால் இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் மலாய்ச் சொல் அது. அவள் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அந்த நிமிடமே இவள்தான் என்று ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியேதான். தானே சமைத்துத் தானே பரிமாறிவிட்டு, உட்கார்ந்ததும் தானே கேட்பாள், "தொட்டுக்க என்ன இருக்கு?" யாரிடம் கேட்கிறாள் என்று நான் கேலி செய்வேன்.

எனக்குச் சிறுநீரகம் போன பிறகு வீட்டில் அந்தக் கேள்வி நின்றுபோனது. அவளும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டாள். உனக்குத் தனியாக ஆக்கிக்கொள் என்று நான் சொல்லாத நாளில்லை. "ரெண்டு சட்டி யாரு கழுவுறது?" என்பாள். இன்னொரு நாள், "எனக்கும் பிரஷர் இருக்குல்ல, நல்லதுதான்," என்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம் இருந்தது. ஊறுகாய் ஜாடியில் இப்போது துவரம்பருப்பு இருந்தது.

சவால் விட்ட அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டேன், எலுமிச்சை ஊறுகாயில் என்னென்ன போடுவாய் என்று. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"இப்ப எதுக்கு அது?"

"அங்க ஒரு வழக்கு நடக்குது. நான் தோத்துடுவேன் போலிருக்கு."

விவரம் கேட்டுச் சிரித்தாள். வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய், பால்கனியில் எந்தப் பக்கம் வெயில் எத்தனை மணிக்கு வரும் என்பது வரை சொன்னாள். சொல்லச் சொல்ல முகம் மாறிக்கொண்டே வந்தது. தொண்டை ஏறி இறங்கியது. பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். நான் வியாழக்கிழமை அத்தனையும் ஒப்பித்தேன். டீச்சர், "கேக்க நல்லாத்தான் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் என் மனது அந்தத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் பாசாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தலைசுற்றிவிட்டது. காய்க்காரர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து எனக்குப் போன் செய்தார். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், உடம்பில் உப்பு மிகவும் குறைந்திருக்கிறது என்றார். அவள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையும் உப்பை வெளியே தள்ளும், சாப்பாட்டிலும் இல்லையென்றால் எங்கிருந்து வரும் என்று கேட்டார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஒழுங்காக உப்புப் போட்டுச் சாப்பிடுங்கள், இப்படியே போனால் ஒருநாள் நினைவு தப்பிவிடும் என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரே வீட்டில் ஒருவன் உப்புத் தின்றால் ஆபத்து, இன்னொருத்தி தின்னாவிட்டால் ஆபத்து. சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. எனக்கு ஏதாவது ஆகும் என்று பழகியிருந்தேன். அவளுக்கு ஆகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்று மாலையும் உப்பில்லாத கீரையைத்தான் சாப்பிட்டாள். டாக்டர் சொன்னாரே என்றால், "பாத்துக்கலாம் லா," என்றாள். கத்தினேன். தட்டைத் தள்ளினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிலையத்தில் புலம்பினேன். மக்சிக் அலமாக் என்று தலையில் கை வைத்தார். டீச்சர், எங்கள் வழக்கில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்றார். வாதாடுகிற மூவருமே சாப்பிட முடியாதவர்கள், சாப்பிடக்கூடிய ஒருவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். டீச்சரின் மகன் சிங்கப்பூரிலேயே இருக்கிறான், மாதத்தில் ஒருநாள்தான் வருவான். மக்சிக்கின் மகள் அம்மாவுக்குத்தான் ஓட்டுப் போடுவாள்.

"உன் பொண்டாட்டிதான் ஜட்ஜ்," என்றார் மக்சிக். "வயசான நோயாளிங்க கேக்கறோம்னு சொல்லு. மாட்டேன்னு சொல்ல மாட்டா."

அடுத்த முறை மக்சிக் ஒரு ஜாம் பாட்டிலில் சம்பால் கொண்டுவந்தார். உப்பு சரியா என்று மகள்தான் பார்த்துச் சொன்னாளாம். பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் பை என்று சுற்றியிருந்தும் வாசனை முன்னால் நடந்துவந்தது. டீச்சர் ஒரு குட்டிப் பாட்டிலில் கிச்சாப்பும் ஊசிமிளகாயும் கொடுத்தார். மிஸ்ஸி மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "இது எனக்கில்ல, என் வைஃபுக்கு," என்றேன். "எல்லாரும் அதைத்தான் சொல்வீங்க அங்கிள். சனிக்கிழமை தராசுல பாக்குறேன்," என்று போனார்.

மனைவி காரில் வந்து ஏற்றிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் வண்டி முழுக்கப் பெலாச்சான். அவள் கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க அது?"

சொன்னேன். நீதான் நீதிபதி என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியே எதிரே நின்ற மோட்டார் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் வேண்டிக்கிட்டிருக்கேங்க."

"என்னன்னு?"

"நீங்க மறுபடியும் உப்பு போட்டுச் சாப்பிடற வரைக்கும் நானும் தொட மாட்டேன்னு. உங்களை ஆஸ்பத்திரியில சேர்த்த அந்த மொத வாரம். மாரியம்மன்கிட்ட."

"யாரைக் கேட்டு வேண்டிக்கிட்ட?"

"சாமியைத்தான் கேட்டேன்."

அந்த முதல் வாரத்தில் இதெல்லாம் காய்ச்சல் மாதிரி வந்து போகும் என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம். மருந்து கொடுப்பார்கள், சரியாகிவிடும், ஒரு பொங்கல் வைத்து வேண்டுதலை முடிக்கலாம். போன சிறுநீரகம் திரும்பாது என்று பிறகுதான் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகம் வைக்க என் இருதயம் தாங்காது என்று அதற்கும் பிறகு தெரிந்தது. நம் ஆட்கள் சாமியிடம் வாக்குக் கொடுக்கும்போது கெடு வைத்துக்கொள்வதில்லை. கடையில் ஒரு மின்விசிறி வாங்கினால் ஒரு வருட உத்தரவாதமா இரண்டு வருடமா என்று துருவித் துருவிக் கேட்பவள், சாமியிடம் போய் முடிவே இல்லாத ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அழுகை வரவேண்டிய இடத்தில் எல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். இத்தனை நாளும் காரணம் காரணமாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறாள். என் மேல் உள்ள பிரியத்தால் என் கண்முன்னே தேய்ந்துகொண்டிருக்கிறாள். எனக்காக அவள் ஒன்றும் சாக வேண்டாம், எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். அதை அப்படியே சொன்னேன். வேண்டுதலை விட்டுவிடு என்றேன்.

"வாக்குக் குடுத்தாச்சுங்க. இப்ப நான் பாட்டுக்குச் சாப்பிட்டு, நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா, அப்புறம் நான் எப்படி இருப்பேன்?"

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனால் இன்னொருவர் பயத்தை நம்பிக்கையில்லை என்று சொல்லி அழித்துவிட முடியுமா? வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டிலையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அவை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நிலையத்தில் இருவரும் தீர்ப்பு எங்கே என்று கேட்டார்கள். வேண்டுதலைப் பற்றிச் சொன்னேன். மக்சிக் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்கள்ல ஒரு சத்தியத்தைக் காப்பாத்த முடியலைன்னா, அதுக்குப் பதிலா ஏழைங்களுக்குச் சோறு போட்டுக் கழிச்சிடலாம். உங்கள்ல அப்படி ஒண்ணும் இல்லையா?"

இருந்தது. கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. உடம்பில் கட்டி, அம்மை, மரு என்று வந்தால் எங்கள் ஆட்கள் மாரியம்மன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிக்கொண்டுபோய்க் கொட்டுவார்கள். தோட்டத்துக் கோயிலில் பலிபீடத்தடியில் உப்பு குவிந்து, மழையில் கரைந்து, அந்த இடத்தில் புல்லே முளைக்காது. கொடுத்த வாக்கை மாற்ற அது உதவுமா என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. படுத்திருந்த நேரம் முழுக்க அதையே யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை மனைவியைக் கிளம்பச் சொன்னேன். என்னாச்சு இவருக்கு என்பதுபோலப் பார்த்தாள். நானாகக் கோயிலுக்குக் கூப்பிட்டதே கிடையாது. வழியில் சீனர் கடையில் இறங்கிக் கல்லுப்புப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். உப்பைக் கையில் தூக்கி வெகு காலமாகிவிட்டது. அது இவ்வளவு கனக்கும் என்பது மறந்துபோயிருந்தது. அவள் பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

கோயிலில் கூட்டம் அதிகமில்லை. பலிபீடத்துக்கு முன்னால் உப்புக் கொட்டத் தட்டு வைத்திருந்தார்கள். எனக்கு மந்திரம் தெரியாது, மெதுவாகப் பேசவும் தெரியாது. தொழிற்சாலை இரைச்சலில் பழகிய குரல். அம்மனைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்.

"தாயி, இது என் பங்கு உப்பு. நான் இனிமே திங்க முடியாது, அது உனக்கும் தெரியும். என் பங்கை நீ வச்சுக்க. இவ பங்கை விட்டுடு. இவ குடுத்த வாக்குக்கு இதைப் பதிலா எடுத்துக்க. குத்தம்னா என்மேல போடு. இவளை ஒண்ணும் செய்யாத."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டினேன். எனக்கே நான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. இனிமேல் தின்ன முடியாது என்பதை இத்தனை நாளில் நான் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. மக்சிக் கேட்ட மன்னிப்பு எனக்கும் என்றாவது வரும் என்று மனதின் ஒரு மூலையில் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அந்தத் தட்டில் கொட்டினேன்.

அவள் கண்ணை மூடி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். மணி அடித்தது, தீபம் காட்டினார்கள், நான் ஒற்றிக்கொண்டேன், அவள் அசையவில்லை. பிறகு கண்ணைத் திறந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இது செல்லுமாங்க?" என்றாள்.

"செல்லும்," என்றேன். "முழுப் பங்கு. இனிமே கேக்க மாட்டேன்."

அவள் என் கையிலிருந்த கிழிந்த பொட்டலத்தை வாங்கினாள். மூலையில் ஒரே ஒரு கல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து எனக்குத் தனியாக, தனக்குத் தனியாக என்று இரண்டு சட்டி வைத்தாள். யார் கழுவுவது என்று நான் கேட்கவில்லை. வெள்ளரிக்காயை நறுக்கி, மீன் பொரித்து, மக்சிக்கின் பாட்டிலையும் டீச்சரின் பாட்டிலையும் திறந்து வைத்தாள். சின்ன எலுமிச்சையைக் கடைசி நிமிடத்தில்தான் பிழிய வேண்டும் என்று நான் எதிரே உட்கார்ந்து சட்டம் பேசினேன். சம்பாலை வெள்ளரியில் தொட்டு ஒரு கடி கடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. காரமா என்றேன். ஆமா என்றாள். இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டோம். நான் என் உப்பில்லாச் சோற்றைச் சாப்பிட்டேன். அன்றைக்கு அது அவ்வளவு மோசமாக இல்லை.

மறுநாள் தராசு எனக்குச் சாதகமாக இருந்தது. மிஸ்ஸி ஆச்சரியப்பட்டு இன்னொரு தடவை ஏறச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்து ஊசி போட்டு முடிவதற்குள் இரண்டு பக்கமிருந்தும் கேள்வி வந்துவிட்டது.

"எது ஜெயிச்சது?" என்றார் மக்சிக்.

"காரணத்தோட சொல்லணும்," என்றார் டீச்சர்.

உண்மையில் என் மனைவி தீர்ப்பு எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஊறுகாய் இல்லாமல் வழக்கை முடிக்க முடியாது, ஒரு மாதம் ஆகும், எலுமிச்சம்பழம் வாங்கிவாருங்கள் என்றுதான் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முந்தின இரவு கண்ணால் பார்த்ததுதான் வாயில் வந்தது.

"தம்பா கேட்டா," என்றேன். "தானே எந்திரிச்சுப் போயி, ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டா."

மக்சிக் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி அந்தப் பக்கமாக வந்து என் குழாயைப் பார்த்துவிட்டு, "கையை ஆட்டாதீங்க அங்கிள்," என்றார்.

நான் ஆட்டவில்லை. அது தானாக ஆடிக்கொண்டிருந்தது.